இரவல் போன பேர்

காத்தான்குடியில் நஸீறாவைப் பற்றிக் கேட்டால் இரண்டே இரண்டு விஷயங்கள்தான் சொல்வார்கள். அவள் வெட்டித் தைத்த பர்தாவில் ஒரு பிசகு வராது. அவளிடம் இரவல் கேட்டுப் போனவர் வெறுங்கையோடு வந்ததில்லை. முதலாவது அவளுக்குச் சோறு போட்டது. இரண்டாவது அவளைக் கொழும்பில் ஒரு கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

இடியப்ப உரல், கலியாணச் சட்டி, குடை, ஸ்திரிக்கைப் பெட்டி என்று அந்த வீட்டிலிருந்து சாமான்கள் போய்க்கொண்டே இருந்தன. திரும்பி வந்தவை கொஞ்சம். "கேட்டு வாங்கு" என்று உம்மா ஹவ்வா உம்மா கத்துவாள். "கொண்டு வருவாங்க உம்மா" என்பாள் நஸீறா. கொண்டு வரமாட்டார்கள். வீடு நஸீறாவின் சீதன வீடு என்பதால், பெண்ணெடுத்து அங்கே வந்து குடியிருந்த கணவன் அப்துல் மஜீத் வாயைத் திறப்பதில்லை. பிளாஸ்டிக் வாளியும் பாயும் ஏற்றிய சின்ன லொறியோடு அவன் வாரம் நாலு நாள் வெளியூர்.

அந்த வீட்டில் இரண்டு பெட்டி நிறையப் புத்தகங்களும் இருந்தன. நஸீறாவின் நானா, கூடப்பிறந்த மூத்தவன், கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போனவை. எல்லாம் ஒரே ஆளின் கதைகள். கப்டன் நிரோஜன் என்று பேர். பதினொரு பாஷை பேசுவார். எந்தக் கதையிலும் துப்பாக்கிச் சூடு இடது தோளில்தான் படும். இருபத்திரண்டு புத்தகத்தில் இருபத்திரண்டு சூடு வாங்கிய பிறகும் அந்தத் தோளில் அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தார். ஆனாலும் கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது, அது வேறு விஷயம்.

இந்தப் புத்தகங்களை இரவல் கேட்டு வந்தவள்தான் கண்ணகை. களுதாவளையில் அவளுக்கும் புருஷனுக்கும் ஒரு வெற்றிலைத் தோட்டம் இருந்தது. ஞாயிறும் புதனும் விடிய பஸ்ஸில் வெற்றிலைக் கட்டோடு காத்தான்குடிக்கு வருவாள். கடைகளுக்குக் கொடுத்து மிஞ்சியதில் நல்ல இளம் வெற்றிலையாகப் பார்த்து ஹவ்வா உம்மாவுக்கு எடுத்து வருவாள். தொண்ணூறாம் ஆண்டில் இரண்டு பக்கமும் பிணம் விழுந்த பிறகு, தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் நடுவில் தயங்காமல் நடந்தவர்கள் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும்தான். இவள் ஒருபடி மேலே போய் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்தாள்.

நஸீறா தையல் மெஷினை மிதிப்பாள். கண்ணகை பக்கத்தில் பாயில் உட்கார்ந்து கப்டன் நிரோஜனை வாசிப்பாள். சண்டை வந்தால் குரல் ஏறும், மெஷினும் வேகமாக ஓடும். அவர்களுக்கு மிகப் பிடித்தது 'பதினேழாம் நம்பர் கதவு' என்ற கதை. பாலைவன தேசம் ஒன்றில் கப்டனின் பழைய சிநேகிதன் ஒருவன் செய்யாத குற்றத்துக்கு அகப்பட்டுக் கிடக்கிறான். கப்டன் இன்னொரு மனிதனின் பாஸ்போட்டில் தன் படத்தை ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறார். தோளில் சூடு வாங்குகிறார். சிநேகிதனை வெளியே கொண்டு வருகிறார். கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் விமான நிலையத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். முற்றும்.

கண்ணகைக்கு அந்த முற்றும் போதாது. "மறுகா என்ன நடந்திரிக்கும் ராத்தா?" என்று கேட்பாள். நஸீறா இரண்டு வயது மூத்தவள் என்பதால், காத்தான்குடி வழக்கப்படி அவளை ராத்தா என்றே கூப்பிடப் பழகியிருந்தாள்.

"மறுகா என்ன மறுகா? தேத்தண்ணி குடிச்சிட்டு ஊட்ட போயிருப்பாங்க."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும் ஒனக்கு?"

ஐந்து வருடம் இப்படிப் போனது. ஐந்து வருடத்தில் ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணைப் பற்றி என்னென்ன தெரியுமோ அதெல்லாம் இருவருக்கும் தெரிந்தது. கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்குக் கிழமையில் பிறந்ததால் அவளுக்கு அந்தப் பேர் என்பது தெரியும். நஸீறாவுக்குப் பிள்ளை இல்லை என்பதை யாரும் பேசக்கூடாது என்பதும் தெரியும். கண்ணகையின் மகள் விதுர்ஷாவுக்குப் பெருநாளைக்கும் தீபாவளிக்கும் சட்டை தைத்துக் கொடுத்தது நஸீறாதான். அளவு எடுக்காமலே தைப்பாள்.

கடல் ஊருக்குள் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கண்ணகை அந்தப் பாயில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. வாவிப் பக்கத்து வீடு என்பதால் தண்ணீர் வாசல் படலையோடு நின்றுவிட்டது. கடற்கரைப் பக்கம் போனவர்கள் போனவர்கள்தான். களுதாவளையில் வெற்றிலைத் தோட்டத்தில் நின்ற கண்ணகையின் புருஷனைக் கடல் எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூட விடுமுறைக்கு வெல்லாவெளியில் கண்ணகையின் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்ததால் விதுர்ஷா தப்பினாள். வெற்றிலை விற்கப் போனதால் கண்ணகை தப்பினாள் என்று ஊரில் சிலர் பேசினார்கள். அவர்களுக்கு வெற்றிலை விற்பதும் புத்தகம் வாசிப்பதும் ஒன்றுதான்.

புருஷனைத் தேடி எட்டு நாள் அலைந்துவிட்டு, ஒன்பதாம் நாள் ஒரு பிளாஸ்டிக் பையோடு நஸீறா வீட்டுப் படலைக்கு வந்து நின்றாள். தங்கச்சி வீட்டில் ஏற்கனவே ஒன்பது பேர். நஸீறா ஒன்றும் கேட்கவில்லை. தன் உடுப்பை எடுத்துக் கொடுத்தாள், தலையில் எண்ணெய் வைத்தாள், சோற்றைப் பிசைந்து வாயில் ஊட்டினாள். பதினொரு நாள் கண்ணகை அங்கே இருந்தாள். பிறகுதான் பள்ளிக்கூட முகாமுக்குப் போனாள். இந்தப் பதினொரு நாளை நினைவில் வைத்திருங்கள். பிறகு ஒருவர் இதைச் சொல்லப் போகிறார்.

உப்புத் தண்ணீர் ஏறிய நிலத்தில் வெற்றிலைக் கொடி படரவில்லை. முகாமில் ஒரு வருடம் போனது. அப்போதுதான் ஏஜென்சிக்காரர் ஒருவர் சவூதிக்குப் பெண்கள் தேடி வந்தார். மினுக்கிய சப்பாத்தும் மூன்று கைத்தொலைபேசியும் வைத்திருந்த மனிதர். வீட்டு வேலைக்கு முஸ்லிம் பெண்கள்தான் வேண்டும் என்றார். கண்ணகையிடம் கேட்ட பேரும் இல்லை, கடல் கொண்டுபோனதால் பிறப்புச் சான்றிதழும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. தமிழ்ப் பெண்ணுக்கு அந்த நாளில் புது அடையாளத் துண்டு எடுப்பதென்றால் கிராம சேவகரில் தொடங்கிப் பொலிஸ் வரை நாய் படாத பாடு.

"யாராவது முஸ்லிம் பொம்புளட பேர் கிடைச்சா ஒரு மாசத்தில ஏத்திப் போடுவன்" என்றார் அவர்.

கண்ணகை இதை நஸீறாவிடம் வந்து சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டு மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நஸீறாவுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

"கப்டன் செய்யாததா?" என்றாள் நஸீறா. "என்ட பேர எடுத்திட்டுப் போ. நான் எங்க போகப் போறன்? மூணு வருசம் அது எனக்குத் தேவயும் இல்ல."

குடையும் உரலும் கொடுத்த கையால் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தாள். மஜீத் அன்று மட்டும் வாயைத் திறந்தான். "வேலியால போன ஓணான எடுத்து மடிக்குள்ள கட்டுறாய்" என்றான். அவளோ அப்போதே எந்தத் துணியில் கண்ணகைக்குப் பர்தா வெட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், பாடம் நடந்தது. எப்படி முக்காடு போடுவது, தொழுகைக்கு முன் எப்படிக் கைகால் கழுவி வுளூச் செய்வது, சாப்பிட முன் என்ன சொல்வது, தும்மினால் என்ன சொல்வது. ஹவ்வா உம்மா வெற்றிலையை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியாதவளுக்குத் தொழுகையப் படிச்சிக் குடுக்கிறது பாவமில்ல. பொய்க்குப் படிச்சிக் குடுக்கிறதுதான் பாவம்" என்றாள். சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

மற்றதெல்லாம் கண்ணகைக்கு வந்துவிட்டது. பேர்தான் வரவில்லை. நஸீறா என்று கூப்பிட்டால் உண்மையான நஸீறாதான் திரும்பினாள். "நஸீறா எண்டா நீ கிறுகிப் பாக்கணும் புள்ள. யோசிக்கப்படாது. யோசிச்சா ஆப்பிட்டிருவாய்" என்று நஸீறா படித்துப் படித்துச் சொன்னாள். கிறுகுவது என்றால் அந்தப் பக்கத்தில் திரும்புவது. கிணற்றடியில், குசினியில், பஸ் தரிப்பிடத்தில், எங்கே நின்றாலும் பின்னால் வந்து அடிவயிற்றிலிருந்து "நஸீறா" என்று கூப்பிடுவாள். ஒரு மாதம் கண்ணகை அசையவில்லை. ஒருநாள் சந்தையில், மீன் பார்த்துக்கொண்டு நின்றவள், வெடுக்கென்று திரும்பி "ஓம்" என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மீன்காரன் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டான்.

போகிற அன்று கண்ணகை நஸீறா தைத்த கறுப்புப் பர்தாவில் நின்றாள். கையில் நஸீறாவின் பேர் போட்ட பாஸ்போட், அதில் கண்ணகையின் படம்.

"அங்க எனக்கு என்னவும் நடந்தா?" என்று கேட்டாள்.

"நான் வருவன்."

"கப்டன் மாதிரியா?"

"தோள்ள சூடு வாங்க மாட்டன். மத்தெல்லாம் செய்வன்."

இரண்டு வருடம் நல்லாகத்தான் போனது. மாதம் ஒருமுறை தொலைபேசி வரும். நஸீறா மாதம் ஒருமுறை வெல்லாவெளிக்குப் பஸ் ஏறி விதுர்ஷாவைப் பார்த்து வந்து, பிள்ளை எத்தனை அங்குலம் வளர்ந்தாள், எந்தப் பல் விழுந்தது என்று ஒப்பிப்பாள். இரண்டாயிரத்து ஏழில் அந்தப் பக்கம் ஷெல் விழுந்த நாட்களிலும் போனாள். ஆமி நிறுத்தி "யாரைப் பார்க்கப் போறாய்?" என்று கேட்டால் "என்ட மகளை" என்பாள். சும்மா சொன்னதுதான், ஆனால் சொல்லும்போது அவளுக்கு நல்லாக இருக்கும்.

பிறகு தொலைபேசி நின்றது. ஏழு மாதம் ஒரு சத்தமும் இல்லை. ஏஜென்சிக்காரரைத் தேடிப் போனால் கந்தோர் பூட்டியிருந்தது, பக்கத்துக் கடைக்காரருக்கு அப்படி ஒரு மனிதர் இருந்த ஞாபகமே இல்லை. எட்டாம் மாதம் ஒரு கடிதம் வந்தது.

நடந்தது இதுதான். சவூதி வீட்டில் ஒருநாள் அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டி சரிந்து அந்த வீட்டுக் குழந்தையின் காலடியில் விழுந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கண்ணகை பயத்தில் "என்ட பிள்ளையாரே" என்று அலறிவிட்டாள். களுதாவளையில் பிறந்தவளுக்குப் பயம் வந்தால் வேறு யார் பேர் வரும்? தும்மலுக்கும் சோற்றுக்கும் பாடம் எடுத்த நஸீறா பயத்துக்குப் பாடம் எடுக்க மறந்துபோனாள். அந்த வீட்டு எசமானிக்குத் தமிழ் தெரியாது. டிரைவர் கேரளாக்காரன், அவனுக்குப் பிள்ளையாரைத் தெரியும். அவன் சிரித்துச் சிரித்துச் சொல்ல, விஷயம் வெளியே வந்தது. எசமானி அடிக்கவில்லை. தன்னோடு சேர்ந்து தொழுதவள் இரண்டு வருடம் ஏமாற்றியிருக்கிறாள் என்று அழுதாளாம். அடுத்த நாள் பாஸ்போட்டையும் அவளையும் நம்முடைய தூதரகத்தின் தங்குமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டாள்.

அங்கேதான் வினை. கண்ணகை தன் உண்மைப் பேரைச் சொன்னாள். பாஸ்போட் வேறு பேரைச் சொன்னது. இங்கே யுத்தம் உச்சத்தில் நடக்கிறது. முஸ்லிம் பேரில் திரிகிற ஒரு கிழக்கு மாகாணத் தமிழ்ப் பெண் என்றால் அதிகாரிகள் சும்மா விடுவார்களா? நஸீறா என்றால் அந்த நஸீறா என்று நிரூபி, கண்ணகை என்றால் கண்ணகை என்று நிரூபி, அதுவரை இங்கேயே கிட என்று வைத்துவிட்டார்கள். "நான் ஆருமில்ல ராத்தா, எனக்கு ஒரு பேருமில்ல. நீங்க வருவன் எண்டு சொன்னீங்க" என்று கடிதம் முடிந்திருந்தது.

நஸீறா அந்தக் கடிதத்தை மஜீத்திடம் வாசித்துக் காட்டினாள்.

"நீ வாயத் தொறந்தா நீதான் உள்ள போவாய்" என்றான் அவன்.

"தொறக்காட்டி அவ அங்கயே கிடப்பா."

"அவட ஆக்கள் ஒருத்தரும் இல்லயா?"

"இரிக்காங்க. ஆனா அவ என்ட பேரிலதானே போனவ."

கப்டன் நிரோஜனுக்கு ஹெலிகொப்டர் இருந்தது. நஸீறா பஸ்ஸில் போனாள். சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறி, ஒரு பகல் முழுக்கப் பிரயாணம். கொழும்பில் அந்த விஷயங்களைப் பார்க்கிற கந்தோர் ஒன்றில் மூன்று நாள் வரிசையில் நின்று, தன் அடையாள அட்டையை மேசையில் வைத்தாள்.

"நீங்கள் நஸீறா என்றால் சவூதியில் இருப்பது யார்?" என்று அதிகாரி கேட்டதை ஒரு பெண் தமிழில் சொன்னாள்.

"அதுவும் நஸீறாதான் சேர். அந்த நஸீறாவ உண்டாக்கினது நான்."

வாக்குமூலம் எழுதினார்கள். எழுத எழுத நஸீறாவுக்கு ஒரு பயம் வந்தது, தனக்காக அல்ல. கண்ணகையும் தெரிந்தே செய்தாள் என்று எழுதினால் அவளை அங்கேயோ இங்கேயோ உள்ளே போடுவார்கள். பிள்ளை இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதில் சொன்னாள். பேரை மாற்றச் சொன்னது நான். பாடம் சொல்லிக் கொடுத்தது நான். அவளுக்கு ஒன்றும் தெரியாது, கடலில் எல்லாம் இழந்து புத்தி பேதலித்திருந்தவளை நான்தான் அனுப்பினேன். அதிகாரி பேனையை நிறுத்தி ஒருதரம் அவளைப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறாயா என்று கேட்டார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றாள். எழுதியதன் கீழே கையெழுத்துப் போட்டாள். அவள் செய்த பெரிய மடைத்தனம் அதுதான். ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பும்போது நெஞ்சு நிறைந்திருந்தது. கப்டன் நிரோஜன் இருபத்திரண்டு புத்தகத்தில் ஒரு வாக்குமூலத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

ஐந்து மாதம் கழித்து, யுத்தம் முடிந்து மூன்றாம் கிழமை, கண்ணகையை அனுப்புவதாகத் தகவல் வந்தது. நஸீறா விதுர்ஷாவுக்குப் புதுச்சட்டை தைத்து வெல்லாவெளிக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, மஜீத்தையும் கூட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனாள். ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுபோனாள். அதைப் பற்றி மஜீத்திடம் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பான்.

காலையில் வந்த விமானத்தின் ஆட்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். கண்ணகை வரவில்லை. மத்தியானம் ஆனது. கம்பித் தடுப்பைப் பிடித்தபடி நஸீறா நின்றாள். வந்து வந்து போன ஒவ்வொரு கறுப்புப் பர்தாவையும் தன் தையலா என்று பார்த்தாள். பின்னேரம் ஒரு பொலிஸ்காரர் இரங்கி விசாரித்துச் சொன்னார். அந்தப் பெண்ணை உள்ளேயே விசாரணைக்கு எடுத்துவிட்டார்கள், வேறு வழியால் கொண்டு போயாயிற்று. தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. அதை ரோட்டோரத்தில் ஊற்றிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினார்கள்.

"எப்பிடியும் விட்டிருவாங்க. நான்தான் எல்லாம் எழுதிக் குடுத்திரிக்கனே" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

விடத்தான் செய்தார்கள். நாலாம் நாள் விட்டார்கள். கண்ணகை நேரே வெல்லாவெளிக்குப் போனாள். நஸீறாவுக்குத் தகவல் அனுப்பவில்லை. களைப்பாக இருக்கும், பிள்ளையைப் பார்த்த சந்தோஷத்தில் இருப்பாள் என்று நஸீறா ஒரு கிழமை பொறுத்தாள். இரண்டாம் கிழமை பொலிஸ் கடிதம் வந்தது, நஸீறாவுக்கு.

கொழும்பில் அதே கந்தோர்க்காரர்கள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மொழிபெயர்த்த அதே பெண் ஒரு தாளை எடுத்து வாசித்தாள். கண்ணகை கொடுத்த வாக்குமூலம்.

"சுனாமியின் பின் மேற்படி நஸீறா என்னைத் தனது வீட்டில் பதினொரு நாட்கள் வைத்திருந்தார். எனது உடுப்புகளை எடுத்துவிட்டுத் தனது உடுப்புகளை அணிவித்தார். எனது பெயரை மறக்கச் சொன்னார். தனது பெயரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அவரே பர்தா தைத்துத் தந்தார். நான் அவர் சொன்னபடி செய்தேன். எனக்கு வேறொன்றும் தெரியாது."

நஸீறா கேட்டுக்கொண்டிருந்தாள். நடக்காதது ஒன்றுமில்லை. பதினொரு நாள் வைத்திருந்தது உண்மை. உடுப்பு மாற்றியது உண்மை. கூப்பிட்டது, தைத்தது, எல்லாம் உண்மை. சோறு ஊட்டியது மட்டும் அதில் இல்லை. உண்மையை அடுக்குகிற விதத்தில் அடுக்கினால் ஒரு மனுஷியை இப்படியும் ஆக்கலாம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சரி, பயந்திருக்கிறாள், உயிருக்குப் பயந்தவள் எதையும் சொல்வாள் என்று அந்த நிமிஷம்கூட மனதைத் தேற்றினாள்.

அந்தப் பெண் தாளைத் திருப்பினாள். "நான் வெளிநாட்டில் இருந்தபோது மேற்படி நஸீறா மாதந்தோறும் எனது மகள் இருந்த வீட்டுக்குச் சென்றார். நான் வாய் திறந்தால் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அவர் அப்படிச் சென்றார்."

நஸீறாவுக்குக் காது அடைத்தது. ஷெல் விழுந்த ரோட்டில் போனாளே. "என்ட மகள்" என்று ஆமிக்காரனுக்குச் சொன்னாளே. அளவெடுக்காமல் தைத்த சட்டைகள் ஒவ்வொன்றும், நிறம் நிறமாக, கண்ணுக்குள் வந்து போயின. அழுகை வரவில்லை. இந்தப் பொய்யைக் கண்ணகை எந்த வாயால் சொன்னாள், எந்தக் கையால் கையெழுத்துப் போட்டாள் என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது.

"இது பொய்" என்றாள்.

"மற்றதெல்லாம்?"

"மத்ததெல்லாம் உண்மை. ஆனா அப்பிடியில்ல."

அதிகாரி அவளுடைய பழைய வாக்குமூலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் அவளே சொல்லியிருந்தாள்: அவளுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் செய்தது நான். இரண்டு தாளும் ஒன்றுக்கொன்று அச்சொட்டாகப் பொருந்தின. ஏஜென்சிக்காரரைக் காணவில்லை. வழக்குக்கு ஓர் ஏஜென்சிக்காரர் தேவைப்பட்டார். கிடைத்துவிட்டார்.

ஊரில் கதை இறக்கை கட்டிப் பறந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெண் பிடித்து அனுப்புகிறவளாம் என்றார்கள். இடியப்ப உரலை இரவல் கொண்டுபோன வீடுகளிலும் அப்படித்தான் சொன்னார்கள். பர்தா தைக்கக் கொடுத்த இரண்டு பேர் வெட்டாத துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஹவ்வா உம்மா வெற்றிலை போடுவதை விட்டுவிட்டாள். யாரும் கேட்டால், பல்லுக்கு ஆகவில்லை என்றாள்.

ஆண்டு முடிகிற மாதத்தில் வழக்கு. கொழும்புக் கோர்ட்டில் மரவாங்குகள் நிறைய உட்கார்ந்த ஆட்கள். நஸீறாவும் மஜீத்தும் ஒரு மூலையில் இருந்தார்கள். கண்ணகை சாட்சியாக வந்திருந்தாள். சேலை, நெற்றியில் பொட்டு, திருநீறு. நாலு வாங்கு முன்னால் இருந்தாள், முதுகுதான் தெரிந்தது. நஸீறா அந்த முதுகையே பார்த்தாள். ஒருதரம் திரும்பிப் பார்த்தால் போதும், பார்த்தாலே எனக்குப் பாதி ஆறிவிடும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கிற தன் மேல் அவளுக்கே ஆத்திரமாக இருந்தது. கண்ணகை திரும்பவில்லை.

கோர்ட்டில் பேர் கூப்பிடுகிற முதலியார் தாளைப் பார்த்து உரத்துக் கூப்பிட்டார். "மீராலெப்பை நஸீறா."

"ஓம்" என்று எழுந்து நின்றவள் கண்ணகை.

யோசிக்காமல் எழுந்துவிட்டாள். யோசிக்கக்கூடாது என்றுதானே படித்திருந்தாள். நஸீறாவும் அதே நேரத்தில் எழுந்திருந்தாள். ஒரு பேருக்கு இரண்டு பெண்கள் நின்றார்கள். யாரோ சிரித்தார்கள். நீதவான் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இருவரையும் பார்த்தார். அப்போதுதான் கண்ணகைக்குத் தான் செய்தது விளங்கியது. மெதுவாகத் திரும்பினாள். நஸீறாவின் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நஸீறா தனியே நடந்து கூண்டில் ஏறினாள்.

குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அந்தப் பிள்ளை விஷயம் மட்டும் பொய் என்றாள். அது குற்றப் பத்திரிகையில் இல்லை, தேவையில்லாததைப் பேசவேண்டாம் என்றார்கள். அவளை உயிரோடு கொன்ற ஒரு வரி, கோர்ட்டுக்குத் தேவையில்லாத வரியாக இருந்தது. ஒத்திவைத்த சிறைத் தண்டனை, ஒரு குற்றப்பணம், இத்தனை வருடத்துக்குப் பாஸ்போட் எடுக்கக்கூடாது என்று ஒரு கட்டளை. எங்கேயும் போக நினைக்காதவளுக்கு அந்தக் கடைசிக் கட்டளை வலிக்கவில்லை.

வெளியே வெயில். கோர்ட்டு வாசலைத் தாண்டி பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்கள். பின்னால் செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

"ராத்தா."

நஸீறா நடந்தாள்.

"அவனுகள் என்னப் புலி இயக்கத்து ஆள் எண்டாங்க ராத்தா. கள்ளப் பேரில ஏன் போனாய் எண்டு நாலு நாள் கேட்டாங்க. ஆர் அனுப்பினது எண்டு சொல்லாட்டி உள்ள போடுவம், பிள்ளையப் பாக்க ஏலாது எண்டாங்க. உங்கட கடுதாசியக் காட்டினாங்க. நீங்களே எல்லாம் ஒத்துக்கிட்டீங்க தானே? அதுக்கு மேல ஒரு வரி போட்டா என்ன எண்டு…"

நஸீறாவுக்கு விளங்கியது. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். விளங்கியதால் ஒன்றும் குறையவில்லை. மேலே போட்ட அந்த ஒரு வரிக்கு விதுர்ஷாவைத்தானே எடுத்தாள்? வேறு எதையாவது எடுத்திருக்கலாமே.

செருப்புச் சத்தம் நின்றது. பிறகு அந்தக் குரல் வந்தது. அடிவயிற்றிலிருந்து, கிணற்றடியிலும் குசினியிலும் சந்தையிலும் கேட்ட அதே மாதிரி. அப்படிக் கூப்பிடுவதை அவளுக்குப் பழக்கியதே நஸீறாதான்.

"நஸீறா."

கழுத்து தன்பாட்டில் திரும்பப் பார்த்தது. நஸீறா பல்லைக் கடித்து அதை நேரே வைத்திருந்தாள்.

"உன்னத்தான் கூப்பிடுறா" என்றான் மஜீத்.

"என்னையில்ல" என்றாள் நஸீறா. "அவ தன்னத்தான் கூப்பிடுறா."

மஜீத் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினான்.